செங்காலன் வகையறா

வண்டிய அங்கயே நிறுத்துங்க தம்பி. வேலிக்கு இந்தாண்ட வரக்கூடாது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கோழிக்கல்லு எங்க இருக்குதுன்னு பால் சொசைட்டியாண்ட நின்னு கேட்டிருப்பீங்க. அங்க உக்காந்திருக்கறவன் ஒருத்தனும் ஒழுங்கா வழி சொல்லியிருக்க மாட்டான், சிரிச்சிருப்பான். சிரிச்சிட்டு, போயி ஜம்புலிங்கத்தக் கேளுங்க, சாவி அவருகிட்டதான் இருக்குதுன்னு கைய நீட்டியிருப்பான். நான்தான் ஜம்புலிங்கம். சாவி என்னாண்டதான் இருக்குது. தர மாட்டன்.

மொதல்ல கோழிக்கல்லுன்னு சொல்றத நிறுத்துங்க. அதுக்குப் பேரு வீரனார். தோ பாருங்க, வெண்கலக் கவசம், மீசை, கையில கத்தி. கவசத்துக்குப் பூட்டு போட்டிருக்கறன். போன தை மாசம் வரைக்கும் பூட்டெல்லாம் கெடையாது. யாரு வேணா வரலாம், ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தலாம், கும்புட்டுப் போலாம். எல்லாம் அந்தம்மா வந்த பின்னாடி வந்த வெனை.

எந்தம்மான்னா கேக்கறீங்க? காலேஜி அம்மாதான். பேரு மங்கையர்க்கரசி. கெவருமெண்டு காலேஜில தொல்லியல் வாத்தியாரு. புள்ளைங்க மங்கை மேடம், மங்கை மேடம்னு உசுர விடுதுங்க. என் பாட்டனையும் எடுத்துக்கினா, என் பொண்ணையும் எடுத்துக்கினா. பங்குனியில போன பொண்ணு தம்பி, இப்ப பொரட்டாசி. இன்னும் என் வூட்டுப் படி ஏறல. நீங்க என்னடான்னா கல்லப் பாக்கணும்ங்கறீங்க.

உக்காருங்க. அந்த வேர் மேல உக்காருங்க, எறும்பு இல்ல. வந்ததுக்கு நாயத்தயாவது கேட்டுட்டுப் போங்க. ஊருல எல்லாரும் அந்தம்மா பக்கம் சொல்லுவாங்க. என் பக்கம் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கறன்.

எங்க வகையறாவுக்குப் பேரே செங்காலன் வகையறா. எங்க மூத்த பாட்டன் பேரு செங்காலன். மூணு ஊரோட ஒண்டியா நின்னு சண்டை போட்டவரு. கால்ல குத்துப்பட்டு, காலெல்லாம் ரத்தமாயி, அப்பவும் பின்வாங்காம நின்னு செத்தாரு. அதனாலதான் செங்காலன். அவருக்கு நட்ட கல்லுதான் இது. தலைமுறைக்கு ஒரு ஆம்பளப் புள்ளைக்கு அந்தப் பேர வைப்போம். எங்கப்பா பேரும் செங்காலன்தான். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு வேற பேரு வைக்கலாமான்னு கேட்டாராம், எங்க தாத்தா கைய ஓங்கிட்டாராம். அவ்ளோ ரோசம். ஆடி மாசம் திருவிழா. வகையறாவுல வூட்டுக்கு ஒரு சேவல் கொண்டாந்து இங்க அறுப்போம். மொத சேவல அறுக்கறவனுக்குத் தலையில பட்டுத்துணி கட்டி பரிவட்டம். அது எங்கப்பாவுக்கு, அவருக்கப்பறம் எனக்கு.

நடுவுல வந்தான் தேவராசு. என் பங்காளி. திடீர்னு, எங்களுதுதான் மூத்த கிளை, பரிவட்டம் எங்களுக்குத்தான் வரணும்னு பஞ்சாயத்தக் கூட்டினான். ரெண்டு ஆடியா ஒரே ரகளை. போலீஸ் வந்து நின்னாதான் திருவிழாவே நடக்கும்னு ஆயிப்போச்சி.

அந்த நேரத்துல என் பொண்ணு மேகலா அந்தக் காலேஜில சரித்திரம் படிச்சிக்கினு இருந்தா. நான்தான் சேத்தன். அந்தம்மாவோட பாடம் எப்பிடின்னு கேளுங்க. புஸ்தகத்தத் தொறக்கறதே இல்ல. வருசம் தொறந்த மொத வாரமே, உங்கூருல பழசா என்னா இருக்குதுன்னு போயி பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னுடுவாளாம். ஒருத்தன் இடிஞ்ச மண்டபத்தச் சொன்னானாம், ஒருத்தி தூந்துபோன கெணத்தச் சொன்னாளாம். இவ போயி நம்ம வீரனாரச் சொல்லியிருக்கா. அந்தம்மா உடனே, கல்லுல எழுத்து இருக்குதான்னு கேட்டிருக்கா. இருக்குதா இல்லியான்னு யாருக்குத் தெரியும், எண்ணெய்ப் பிசுக்கு ஒரு வெரக்கட்டைக்கு நிக்குது மேல. மேகலா வந்து என்னக் கேட்டா. கேட்டதும் எனக்கு மண்டையில வெளக்கு போட்ட மாரி இருந்திச்சி. எழுத்து இருந்தா பேரு இருக்கும். பேரு இருந்தா வம்சம் இருக்கும். வம்சம் இருந்தா தேவராசு வாய மூடிக்கினு போவான். உங்க மேடத்த வரச் சொல்லுன்னு நான்தான் சொன்னன். ஆமா, நான்தான் சொன்னன். அதுக்காக வந்தவ என்னா வேணா செய்யலாமா?

வந்தா. தை மாசம், பொங்கல் முடிஞ்சி. கூட ஒரு வேன் நெறைய புள்ளைங்க. செருப்ப வேலிக்கு வெளியவே கழட்டினா, என்னக் கேட்டுட்டுதான் உள்ள வந்தா, கற்பூரம் கூட ஏத்தினா. எல்லாம் நடிப்பு. அப்ப எனக்குத் தெரியல, ஆகா என்னா பணிவுன்னு எளநீ வெட்டிக் குடுத்தன். கவசத்தக் கழட்டி, சுடுதண்ணியும் சீக்காயும் போட்டு அந்தப் பிசுக்க எடுத்தாங்க பாருங்க, அவ்ளோ பொறுமை. கத்தி படக்கூடாது, கம்பி படக்கூடாது, மூங்கில் குச்சியாலதான் சொரண்டணும்னு சொல்லிக்கினே இருந்தா. சாயங்காலம் கல்லு வெளிய வந்திச்சி. எங்கப்பா பாக்கல, எங்க தாத்தா பாக்கல, நான் பாத்தன். மூஞ்சி தேஞ்சி போயிருந்திச்சி. ஆனா ஒடம்ப நிமித்திக்கினு நிக்கறாரு. தலையில குடுமி. கால்ல ஒரு கத்தி கட்டியிருக்குது. கால்ல எதுக்கு மேடம் கத்தின்னு கேட்டன். எழுத்தப் படிச்சிட்டு சொல்றங்கன்னா. மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கினு சொன்னா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அப்பறம் ஈரப் பேப்பர கல்லுல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி, மைய ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. கறுப்புல வெள்ளை வெள்ளையா எழுத்து. வட்டெழுத்தாம். அதச் சுருட்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. மொதல்ல படிக்கற வேலைய மேகலாகிட்டதான் குடுத்தாளாம்.

நான் சும்மா இருப்பனா? மாசி மாசம் ஞாயித்துக்கெழமையா பாத்து விழா வச்சன். பந்தல், மைக் செட்டு, மேளம், சரவெடி. அந்தம்மாவுக்கு ஒரு வழக்கம் இருக்குதாம், எதப் படிச்சாலும் பேப்பர்காரனுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஊருக்குத்தான் சொல்லுவாளாம். ரொம்ப நல்லதுன்னன். ஊரு மட்டும் என்னா, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிச்சன். செங்காலன் படம் போட்டு பிளெக்ஸ். பிளெக்ஸ் கடைக்காரன் குதிரையில ஒரு வீரன வச்சி, மூஞ்சிக்கு என் போட்டோவ ஒட்டிட்டான். நான் சொல்லல. ஒட்டிட்டான், நல்லாதான் இருந்திச்சி, இருக்கட்டும்னு உட்டுட்டன்.

விழாவுக்கு மொத வாரம் அந்தம்மா வந்தா. ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்னா. நான் பந்தக்காரனோட சண்டையில இருந்தன். விழாவுல பேசிக்கலாம் மேடம்னு அனுப்பிட்டன். ரெண்டு நாளு கழிச்சி மறுபடியும் வந்தா. உக்கார வச்சி காப்பி குடுத்தன். அவளுக்குப் பேச வசதியா இருக்கட்டும்னு செங்காலன் கதைய மொதல்லேர்ந்து நான் சொன்னன். மூணு ஊரு சண்டைய ஊரு ஊரா சொன்னன். நடுநடுவுல ஐயா, ஐயான்னா. இருங்க, முக்கியமான எடம் இனிமேதான் வருதுன்னன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு எழுந்து போயிட்டா. போகும்போது, ஐயா, விழாவ தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டா. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சி. தேவராசு பூந்துட்டான். பூந்து அந்தம்மா மனசக் கலச்சிட்டான். தள்ளி வைக்கறதா, தலையே போனாலும் முடியாதுன்னன்.

மேகலா கூட ஒரு தரம் சொன்னா. அப்பா, மேடம் சொல்றத ஒரு நிமிசம் கேளேன்னா. போம்மா, போயி பாவாடை தாவணிய இஸ்திரி போட்டு வையி, மேடையில நிக்கப் போறன்னு சொன்னன். அப்ப அந்தப் பொண்ணுக்கு மூஞ்சே சரியில்ல. பரீட்சை பயம்னு நெனச்சன்.

விழா அன்னிக்கு என்னா கூட்டம்ங்கறீங்க. ஒன்றியக் கவுன்சிலர் வந்துட்டாரு. தேவராசு மொத வரிசையில கால் மேல கால் போட்டுக்கினு உக்காந்திருக்கான். அந்தம்மா மைக்கப் புடிச்சி, நடுகல்லுன்னா என்னா, அந்தக் காலத்துல ஆளுங்களுக்கு மட்டும் இல்ல, அவங்க அன்பு வச்ச பல சீவனுக்கும் கல்லு நட்டிருக்காங்கன்னு சுத்தி வளச்சிக்கினு போறா. யாரு கேட்டது இதெல்லாம்? நான் எழுந்து மைக்க வாங்கிட்டன். எல்லாரும் ஒண்ணு கவனிக்கணும், இந்த எழுத்த மொதல்ல படிச்சது என் பொண்ணு மேகலா, செங்காலன் வகையறாப் பொண்ணு, அவ வாயாலயே படிக்கட்டும்னன். அந்தம்மா என் கையப் புடிக்காத கொறை. வேணாங்க ஐயா, நானே சொல்றங்கன்னு மெதுவா சொன்னா. ஏன், என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதான்னு மைக்குலயே கேட்டுட்டன். கை தட்டினாங்க.

மேகலா வந்து நின்னா. கையில அந்தப் பேப்பர். 'செங்காலன்'னு படிச்சா.

அவ்ளோதான் தம்பி. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி. ஆயிரம் வருசத்துப் பேரு, எங்கப்பன் பேரு, என் பொண்ணு வாயில. கையக் காட்டினன். சரவெடி வெடிக்குது, மேளம் அடிக்குது, கவுன்சிலர் எனக்கு சால்வை போடறாரு. தேவராசு காலக் கீழ எறக்கிட்டான். அத நான் பாத்தன். இந்த சென்மத்துக்கு அது போதும்னு இருந்திச்சி.

வெடி அடங்கிச்சி. மேகலா மேல படிக்காம என்னயே பாத்துக்கினு நிக்கறா. கூட்டத்தப் பாத்து வெக்கப்படறான்னு நெனச்சன்.

"சத்தமா படிம்மா, பயப்படாத" அப்படின்னன்.

படிச்சா. "செங்காலன் என்னுங் கோழி, மூவூர்க் கோழியொடு பொருது பட்டது."

என்னா பாக்கறீங்க? சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க. சேவச்சண்டையில மூணு ஊருச் சேவலோட மோதி செத்துப்போன கோழியாம். மூணு ஊரு சரி, சண்டை சரி, செத்தது சரி, பேரு கூட சரி. எல்லாம் எங்க கதைதான். அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொண்டாந்து சொருகிட்டா. குடுமின்னு நான் நெனச்சது கொண்டையாம். கால்ல இருக்கறது சண்டைக் கோழிக்குக் கட்டற கத்தியாம். மொதல்ல அந்த மைக் செட்டுக்காரன் சிரிச்சான், கூலிக்கு வந்த பய. அவன் சிரிச்சதும் பந்தலே சிரிச்சிது. தேவராசு எழுந்து, அண்ணே, பரிவட்டத்த நீயே வச்சிக்க, எனக்கு வாணாம்னான். இவ்ளோ வருசமா கோழிக்குக் கோழியையே அறுத்துப் போட்டிருக்கோமேன்னு எவளோ ஒருத்தி சொன்னா, அது இன்னொரு சிரிப்பு. தோளுல சால்வையோட நான் நிக்கறன். எனக்குப் பின்னால என் மூஞ்சியோட அந்தக் குதிரைக்காரன் நிக்கறான்.

அந்தம்மா என்னா செஞ்சிருக்கணும்? நீங்க சொல்லுங்க, படிச்ச புள்ள. கோழிங்கற எடத்துல வீரன்னு படிச்சிட்டுப் போனா என்னா கொறைஞ்சிடும்? யாரு வந்து கேக்கப் போறான்? அந்த எழுத்து தெரிஞ்சவன் இந்தத் தாலுக்காவுல எவன் இருக்கான்? அந்தம்மா மைக்க வாங்கி, இது அவமானம் இல்லீங்க, கோழிக்குக் கல்லு நட்ட ஊரு தமிழ்நாட்டுல விரல் விட்டு எண்ணலாம், நீங்க பெருமைப்படணும்ங்கறா. பெருமையாம். உங்க பாட்டனக் கோழின்னு சொன்னா நீங்க பெருமைப்படுவீங்களா?

மறுநாள்லேர்ந்து மேகலாவ காலேஜிக்கு அனுப்பல. எவ எழுத்து சொல்லிக் குடுத்தாளோ அவகிட்டயே எதுக்கு மறுபடி அனுப்பணும்? நான் நேரா காலேஜிக்குப் போனன். பிரின்சிபால் டீ வாங்கிக் குடுத்து, உங்க பொண்ணு மாரி ஒரு ஸ்டூடண்ட நாங்க பாத்ததில்லங்கறாரு. நான் நாயம் கேக்க வந்தா இவரு என் பொண்ண என்னாண்டயே புகழ்றாரு. அந்தம்மா எங்கன்னு கேட்டுக்கினு பின்னால போனா, ஆஸ்டல் குப்பைக்குழியில எறங்கி நிக்கறா. அதுதான் வகுப்பாம். நாலு பக்கமும் கயிறு கட்டி, மேல இருக்கறது இந்த வருசத்துக் குப்பை, கீழ இருக்கறது பழைய குப்பை, பேஸ்டு டியூப்பப் பாத்து வருசம் கண்டுபுடின்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறா. பீஸ் கட்டி அனுப்பின புள்ளைங்க தம்பி. குப்பையக் கிளறுதுங்க. கிளறுதுங்கன்னு சொல்லும்போதே எனக்குக் கோழி ஞாபகம் வந்து இன்னும் கோவம் ஏறிப்போச்சி.

வாய்க்கு வந்தபடி கேட்டன். குழிக்குள்ளேர்ந்து அண்ணாந்து பாத்துக்கினு எல்லாத்தயும் கேட்டா. கேட்டுட்டு, "ஐயா, கல்லுல இருக்கறத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. என்மேல கோவம்னா என்னப் பேசுங்க, மேகலாவ அனுப்பி வையுங்க" அப்படிங்கறா. பதில் பேசறா பாருங்க. பாட்டனக் கோழியாக்கினவளுக்குப் பொண்ண வேற தாரை வாக்கணுமாம்.

அப்பறம் வூட்டுக்கும் வர ஆரம்பிச்சா. வாராவாரம். நான் உள்ள கூப்புடல. வேப்பமரத்தடியில நின்னுட்டுப் போவா. பரீட்சை வருதுங்க, பரீட்சை வருதுங்கன்னு அதே பாட்டு. மாப்பிள்ளை பாக்கறோம்னு சொல்லிட்டன். பாக்கவும் பாத்தன். ரெண்டு எடம் வந்திச்சி. ஒருத்தன் செங்காலன் வகையறான்னதும், ஓ, அந்தக் கோழின்னான். வந்த வழியப் பாத்துப் போங்கன்னுட்டன்.

பங்குனியில ஒரு நாளு மேகலா எதிர வந்து நின்னா. நான் பரீட்சைக்குப் போறன்னா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவ, ஊருக்கு முன்னால அப்பன் மானத்தக் கப்பலேத்தினவ நீன்னன். அதுக்கு அவ சொன்னது தம்பி, "நீதானப்பா சத்தமா படிக்கச் சொன்ன."

கைய ஓங்கினன். அடிக்கல. ஓங்கினதோட சரி. என் பொண்டாட்டி பட்டம்மா நடுவுல வந்து நின்னா, இல்லன்னா... இல்லன்னாலும் அடிச்சிருக்க மாட்டன். மறுநாள் காத்தால பை எடுத்துக்கினு போயிட்டா. அந்தம்மாதான் ஆஸ்டல்ல எடம் வாங்கிக் குடுத்தா. எப்பிடி இருக்குது பாருங்க கதை. பரீட்சை எழுதினாளாம், பாஸாம், இப்ப மூணாவது வருசமாம். எனக்கு யாரும் சொல்லல. பட்டம்மா ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறன்னு தூக்குல கொழம்பு எடுத்துக்கினு போவா. எந்தக் கோயில்ல சாமிக்குக் கருவாட்டுக் கொழம்பு படைக்கறாங்க? நான் கேக்கறதில்ல.

ஆடியும் வந்திச்சி. பரிவட்டம் எனக்குத்தான், போட்டிக்கு ஆளே இல்ல. வகையறாவுல ஒருத்தனும் சேவல் கொண்டாரல, பொங்க வச்சிட்டுப் போயிட்டானுங்க. தலையில பட்டக் கட்டிக்கினு நான் ஒண்டியா நின்னன். என் சேவல நான் அறுத்தன். கத்திய எடுக்கும்போது அது என்னப் பாத்திச்சி தம்பி. எத்தினியோ அறுத்திருக்கறன், அதுவரைக்கும் ஒரு கோழியும் என்னப் பாத்ததில்ல. எல்லாம் அந்தம்மா செஞ்ச வேலை. அந்தக் கறிய வூட்டுல யாரும் தொடல. நானும் தொடல, எனக்கு அன்னிக்கு வயிறு சரியில்ல.

அதோட விட்டாளா? வேன்ல புள்ளைங்களக் கூட்டியாந்து பால் சொசைட்டி செவுத்துல பெருசா அந்த எழுத்த எல்லாம் பெயிண்டுல எழுதிட்டுப் போனா. அ எப்பிடி, க எப்பிடி, கீழ நம்ம எழுத்து. ஊர்க்காரங்க பழைய எழுத்தக் கத்துக்கணுமாம். உங்க பேர நீங்களே எழுதிப் பாருங்கன்னு ஒரு தலைப்பு. பால் ஊத்த வர்ற பொம்பளைங்க எல்லாம் வெரலால பேரு எழுதிப் பாக்குதுங்க. நானும் பாத்தன். என் பேர எழுத அதுல எழுத்தே இல்ல. 'ஜ'ன்னு வர்ற எழுத்து அப்ப கெடையாதாம். அதுலயும் என்ன விட்டுட்டா பாருங்க.

அழிச்சிடணும்னு சுண்ணாம்பு கரச்சி எடுத்துக்கினு போனன். மத்தியானம், ஆளில்லாத நேரமா பாத்து. போனவன், எதிரி என்னா எழுதியிருக்கான்னு பாக்காம அழிக்கக் கூடாதேன்னு நின்னன். அப்பறம் ஒரு யோசனை வந்திச்சி. அந்தம்மா படிச்சது தப்பா இருந்தா? கோழிங்கறது வேற எதாச்சும் வார்த்தையா இருந்தா? அதக் கண்டுபுடிச்சி, இதே பந்தல் போட்டு, இதே மைக்குல அவ மூக்க ஒடச்சா? சுண்ணாம்ப எடுத்துக்கினு திரும்பி வந்துட்டன். மறுநாள் ஒரு பென்சில் எடுத்துக்கினு போனன்.

அன்னிலேர்ந்து இதுதான் என் வேலை. மத்தியானமானா கவசத்தத் தொறப்பன், எழுத்தத் தடவிப் பாப்பன், செவுத்துக்குப் போவன், மறுபடி வருவன். மொதல்ல எல்லாம் புழு நெளியற மாரி இருந்திச்சி. ப எது, வ எதுன்னு பிரிக்கறதுக்குள்ள உசுரு போச்சி. பட்டம்மா என்னமோ மருள் வந்துடுச்சின்னு வேப்பிலை அடிச்சா. ஒரு நாளு செ வந்திச்சி. அப்பறம் கா. அப்பறம் ஒண்ணு ஒண்ணா வந்திச்சி.

படிச்சிட்டன் தம்பி. கோழிதான்.

அந்தப் பொண்ணு ஒரு எழுத்து கூடத் தப்பா படிக்கல. பொறுமையா, ஒவ்வொண்ணா பாத்துதான் படிச்சிருக்கா. எனக்குத் தெரியும் இப்ப, அது எவ்ளோ கஷ்டம்னு. அதுக்காக அந்தம்மா செஞ்சது நாயமாயிடுமா? ஆயிடாது. நான் அத ஒத்துக்கவே மாட்டன்.

சரி, எழுந்து வாங்க. செருப்ப அங்கயே உடுங்க. யாருக்கும் தொறக்கறதில்ல, நீங்க கடைசி வரைக்கும் சிரிக்காம கேட்டீங்க, அதுக்காக. இப்பிடி வந்து குனிஞ்சி பாருங்க. இங்க அடியில சிமெண்டு ஒடஞ்சிருக்குது இல்ல? எங்கப்பா கட்டின பீடம் அது. அந்தம்மா அப்பவே இதக் கொஞ்சம் எடுக்கலாமான்னு கேட்டா, அடியில ஒரு வரி போற மாரி இருக்குதுன்னா. எங்கப்பன் போட்ட சிமெண்டுல எவ கைய வைக்கறதுன்னு சத்தம் போட்டு அனுப்பிட்டன். போன வாரம் நானே உளி வச்சி ஒடச்சன். அந்தம்மா சொன்னது பொய்யின்னு பாக்கத்தான் ஒடச்சன். இருக்குது. ஒரு வரி இருக்குது.

இது 'இதனை வளர்த்த'. அது எனக்கு வந்துடுச்சி. கடைசியில பாருங்க, 'நட்ட கல்'. நடுவுலதான் பேரு. அந்தக் கோழிய வளத்து, சண்டைக்கு உட்டு, செத்ததும் தாங்க முடியாம கல்லு நட்டானே, அந்த ஆளு. கடைசி எழுத்து 'ன்'. ஆம்பளைதான். மொத எழுத்து, தோ, பாதி வட்டமும் ஒரு வாலும். அது 'ப'ன்னு ஒரு நாளு தோணுது, 'வ'ன்னு ஒரு நாளு தோணுது. நடுவுல தேஞ்சிருக்குது. செவுத்துல இருக்கற எழுத்துல எதோடயும் சேர மாட்டேங்குது. எனக்குக் கண்ணும் அவ்ளோ பத்தல. வெரலால தடவித் தடவி வெரலுதான் தேயுது.

ஒரு கோழி செத்ததுக்கு அழுதவன் தம்பி. எனக்கு அந்தப் பேரு தெரியணும்.

உங்க போன்ல ஒரு படம் எடுங்க. கிட்டக்க. வெயிலு பக்கவாட்டுல அடிக்கற மாரி நில்லுங்க, அப்பதான் எழுத்து எழும்பும். நீங்க டவுனு வழியாதான போவீங்க? காலேஜி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரதான். அந்தம்மாகிட்ட காட்டாதீங்க, அவகிட்ட கேக்க மாட்டன்னு என் சத்தியம் அது. மேகலான்னு கேளுங்க, மூணாவது வருசம் சரித்திரம். இந்த எழுத்து என்னான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. யாரு கேட்டாங்கன்னு சொல்லக் கூடாது. சும்மா கல்லப் பாக்கப் போனன், சிமெண்டு தானா வெடிச்சிருந்திச்சின்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லணும்.

அவ ஒண்ணும் கேக்க மாட்டா. எங்கப்பன் ரத்தம், ரோசக்காரி. ஒருவேள அப்பா எப்பிடி இருக்காருன்னு கேட்டா, முன்ன மாரிதான் கத்திக்கினு இருக்காருன்னு சொல்லுங்க.